சர்வருக்குக் கட்டம் இல்லை

தோருன் நகரம், பிப்ரவரி.
உளவியல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
ஹீட்டர் இருமும், சூடு வராது.
உருளையைச் சுற்றுவது என் வேலை.
தபால்தலை அகலத்தில் ஓர் ஓட்டை;
இரண்டு நொடிக்கு ஒரு ஜோடி
எழுந்து வரும், மறையும்.

ஸூப் – கெல்
மொஸ் – வார்
கிஃப் – யெவ்

பொருள் இருக்கக் கூடாது என்பது விதி.
பேராசிரியர் அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
அகராதியில் பொறுக்கியிருந்தார்,
கல்லை வைத்துக்கொண்டு அரிசியை எறிந்துவிட்டு.
ஆனாலும் சில கற்களில் தவிடு ஒட்டியிருந்தது.

டிராம் கண்டக்டர் ஜெமோவித்
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து
உதட்டை அசைத்து உருப்போட்டார்:
ஸூப் கெல் ஸூப் கெல் ஸூப் கெல்,
தண்டவாளத்தில் சக்கரம்போல.
பதினோரு சுற்றில் பன்னிரண்டு ஜோடியும் சரி.
முப்பது ஸ்வோட்டியை எண்ணிப் பார்த்து
கையெழுத்திட்டுப் போனார்.

தையற்காரி போகுமீவாவின் உதடு அசையவில்லை.
ஸூப் வந்ததும் சிரித்துவிட்டாள்.
எப்படிப் படித்தீர்கள் என்று கேட்பதும் என் வேலை,
சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வதும்.
"ஸூப்பா, அது சூப். கெல்னர், சர்வர்.
ரயில் நிலைய ஓட்டலில் ஒரு சர்வர்
என் மடியில் சூப்பைக் கொட்டுகிறான்.
மொஸ்த், பாலம். வார்கா, உதடு.
உறைபனியில் பாலத்து இரும்புக் கம்பியோடு
ஒட்டிக்கொண்ட உதடு.
யாருடையது என்று கேட்காதீர்கள்."
கேட்கவில்லை. அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
அவள் போட்ட முடிச்சு நாலே சுற்றில் இறுகியது.
கிஃப் யெவ் மட்டும் எதிலும் மாட்டவில்லை.
"இதில் நூல் நுழையவில்லை" என்றாள்.

ஒரு வாரம் கழித்து கண்டக்டரிடம் இரண்டு மிச்சம்.
"வாய்க்குத் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை"
என்று வாயையே குற்றம் சொன்னார்.
அவளிடம் ஒன்பது.

ஈஸ்டர் கழிந்து மூன்றாம் முறை வந்தாள்,
ஓரம் மடித்துத் தைத்த பச்சை கோட்டில்.
ஸூப் காட்டினேன்.
"கொட்டினானே, அவன்தான். மீசைக்காரன்.
நாப்கினை நீட்டினான். மன்னிப்புக் கேட்கவில்லை."
மூன்று எழுத்தாகச் சொல்லுங்கள் என்றேன்.
மேசை விரிப்பில் விரலால் தேடினாள்.
"ப்ளா. ப்ளாமா, கறை. கறைதானே?"
தவறு.
மொஸ்.
"ஸிம். ஸிம்னோ, குளிர்... ஐயோ, அந்தக் குளிர்."
தவறு.
கிஃப்.
என்னையே பார்த்தாள், நான் பிழையாகச் சொல்லிவிட்டதுபோல.
தவறு.

மூன்றுக்கும் ஒரே அளவுப் பெருக்கல் குறி போட்டேன்.

"கோடு இறங்குகிறது பார்" என்றார் பேராசிரியர்.
இறங்கத்தான் செய்தது.
ஆனால் கெல்லிலிருந்து சர்வர் வீட்டுக்குப் போன பாதையில்
புல்கூட முளைக்கவில்லை;
அங்கிருந்து திரும்பும்போதுதான்
மூன்று தெருவும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன.
இதை ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
தட்டச்சில் அது வரவில்லை.

நூற்று நாற்பது பேரின் வாக்கியங்களை எழுதியவள் நான்.
உருளையை எத்தனை ஆயிரம் முறை சுற்றியிருப்பேன்!
ஜோடிகளைக் கேளுங்கள், பாதி வராது.
பியானோவுக்குள் முட்டையிட்ட கோழி, யாருடையது?
பல்லில்லாத தபால்காரன் எந்த எழுத்துக்குப் பிறந்தவன்?
கூலி வாங்கிப் போய்விட்டார்கள்;
கோழியும் தபால்காரனும் என்னிடம்.

நேற்று டிராமில் ஜெமோவித் என் சீட்டைத் துளையிட்டார்.
அடையாளம் தெரியவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது,
அடுத்த நிறுத்தங்களின் பெயர்களாக இருக்கும்.

ஆற்றுக்கு முன்பே இறங்கிவிட்டேன்.
பாலத்தில் யாருமில்லை.
கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்து
வாயை மூடிக்கொண்டு நடந்தேன்,
கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளி.